தொலைதூரப் பேரடைக் கொத்தை உறுதிப்படுத்துவது எப்படி? அகச்சிவப்பு வான் கணக்கெடுப்புகளில் புதிதாக இறங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

ஹவாய்த் தீவின் மௌனா கியா மலையுச்சியில் உள்ள யூகேர்ட் என்னும் 3.8 மீட்டர் அகச்சிவப்புத் தொலைநோக்கி, 2005 மே மாதத்தில் யூகிட்ஸ் என்ற பெரிய வான் கணக்கெடுப்பைத் தொடங்கியது. அதன் ஆழ்பகுதிகளுள் ஒன்றான டிஎக்ஸ்எஸ் முதலில் வெளியிட்ட படங்களில், இலைஸ்-என்1 என்ற புலத்தில் ஏறத்தாழ ஒரு சதுரப் பாகைப் பரப்பை டர்ஹாம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தோர் தலைமையிலான குழு ஒன்று அலசியது. சிவந்த பேரடைகள் வழக்கத்துக்கு மாறாக நெருங்கி நின்ற ஐந்து இடங்களைத் தேர்ந்தெடுத்து, 8.1 மீட்டர் ஜெமினி வடக்குத் தொலைநோக்கியால் அவற்றின் நிறமாலைகளை எடுத்தது. ஐந்தும் உண்மையான கூட்டங்கள்தாம் என்று 2007-இல் வெளியான ஆய்வுரை காட்டியது. ஒவ்வொன்றிலும் 5 முதல் 19 வரை உறுப்பினர்கள் உறுதியாயினர். ஆனால் குழுவினரையே வியக்க வைத்தது வேறொன்று. வானில் 30 மெகாபார்செக் (ஒரு மெகாபார்செக் ஏறத்தாழ 33 லட்சம் ஒளியாண்டு) அளவுக்குப் பரந்து கிடந்த அந்த ஐந்தும் 0.89 என்ற ஒரே செம்பெயர்ச்சியில், அதாவது ஏறத்தாழ ஒரே தொலைவில், 0.01-க்கு மேல் விலகாமல் நின்றன. ஐந்து தனிக் கொத்துகளைத் தேடிப் போனவர்களுக்குக் கிடைத்தது கொத்துகளின் கொத்தான ஒரு பெருங்கொத்து.

படங்களையும் நிறங்களையும் மட்டும் வைத்துக்கொண்டு அந்த முடிவை எவராலும் எட்டியிருக்க முடியாது. இயற்பியலில் இளநிலைப் படிப்பும் ஒரு மடிக்கணினியும் வைத்திருக்கும் ஒருவர், பொதுவெளியில் கிடைக்கும் அகச்சிவப்புத் தரவுகளிலிருந்து தொடங்கி, ‘இது கொத்துதான்’ என்று சொல்லும் நிலை வரை எப்படிப் போவது என்பதையே இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

தொடங்குமுன் சில சொற்கள்

நமது பால்வழியைப் போலக் கோடிக்கணக்கான விண்மீன்கள் சேர்ந்த தொகுதியைப் பேரடை என்கிறோம். நூற்றுக்கணக்கான பேரடைகளும், அவற்றுக்கிடையே பல கோடிப் பாகை வெப்பத்தில் கொதிக்கும் வாயுவும், எல்லாவற்றையும்விட மிகுந்த எடையுள்ள கரும்பொருளும் ஒரே ஈர்ப்பில் கட்டுண்டு கிடப்பதே பேரடைக் கொத்து. அண்டம் விரிவதால் தொலைவிலிருந்து வரும் ஒளியின் அலைநீளம் நீள்கிறது. அந்த நீட்சியின் அளவுக்குச் செம்பெயர்ச்சி என்று பெயர். செம்பெயர்ச்சி 1 என்றால் ஒவ்வோர் அலைநீளமும் இரு மடங்காகியிருக்கிறது. 0.89-இலிருந்து வரும் ஒளி புறப்பட்டு 700 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது.

இரவில் மொட்டை மாடியில் நின்று ஊரைப் பாருங்கள். அடுத்த தெருவின் கம்ப விளக்கும், ஊர்க்கோடிக் கோபுரத்தின் விளக்கும், மலைமேல் கைப்பேசிக் கோபுரத்தின் சிவப்பு விளக்கும் ஒரே இடத்தில் கொத்தாகத் தெரியும். வானப் படமும் அத்தகையதே. அதில் நீளமும் அகலமும் உண்டு, ஆழம் இல்லை. கொத்தை உறுதிப்படுத்தும் வேலை முழுவதும் அந்த ஆழத்தை மீட்டெடுக்கும் வேலைதான்.

ஏன் அகச்சிவப்பு?

1958-இல் ஜார்ஜ் ஏபெல் 2712 கொத்துகளைப் பட்டியலிட்டபோது, பலோமர் வானாய்வின் ஒளிப்படத் தகடுகளைக் கண்ணால் பார்த்தே தேர்ந்தெடுத்தார். அருகிலுள்ள கொத்துகளுக்கு அது போதும். தொலைவு கூடும்போது கண்ணுறு ஒளி கைவிடுகிறது. கொத்துகளின் நடுவே வாழும் முதிய பேரடைகளின் நிறமாலையில் 4000 ஆங்ஸ்ட்ராமுக்குக் (10,000 ஆங்ஸ்ட்ராம் ஒரு மைக்ரான்) கீழே ஒளி சட்டென்று குறைந்து ஒரு படிக்கட்டைப் போல இறங்கும். இதை 4000 முறிவு என்பர். செம்பெயர்ச்சி 0.9-இல் அந்தப் படிக்கட்டு 7600 ஆங்ஸ்ட்ராமிலும், 1.6-இல் 10,400-இலும், 2-இல் 12,000-இலும் வந்து நிற்கும். அதாவது செம்பெயர்ச்சி 1.5-ஐத் தாண்டியதும், அந்தப் பேரடையின் ஒளியில் பெரும்பகுதி 1 மைக்ரானுக்கு அப்பால் அகச்சிவப்பில் போய்விடுகிறது. கண்ணுறு ஒளிப் படத்தில் அது மங்கிய தடமாகவோ வெற்றிடமாகவோதான் இருக்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. முதிய விண்மீன்களின் ஒளி 1.6 மைக்ரான் அருகே ஒரு மேடு காட்டும். ஓர் எலக்ட்ரானை மிகையாகப் பெற்ற ஹைட்ரஜன் அயனி, விண்மீன் வளிமண்டலத்தில் அந்த அலைநீளத்தில்தான் ஒளியை மிகக் குறைவாகத் தடுக்கிறது என்பதே அதன் காரணம். அந்த அயனி எவ்வளவு ஒளியை உறிஞ்சும் என்பதை 1940-களில் கணக்கிட்டவர்களில் முதன்மையானவர் சுப்பிரமணியன் சந்திரசேகர். வெண்குறுமீன் எல்லைக்காகவே நாம் அவரை நினைவுகூர்கிறோம். அவருடைய அந்த அமைதியான கணக்கு தொலைதூரக் கொத்து தேடுவோருக்கு அன்றாடம் கைகொடுக்கிறது என்பதைப் பலர் அறியார். செம்பெயர்ச்சி 1.3-ஐத் தாண்டினால் இந்த மேடு ஸ்பிட்சர் விண்வெளித் தொலைநோக்கியின் 3.6, 4.5 மைக்ரான் பட்டைகளின் நிறத்தைச் சிவப்புப் பக்கம் தள்ளும். நிறம் என்பது இரு பட்டைகளின் பொலிவெண் வேறுபாடு; பொலிவெண் என்பது பொலிவைக் குறிக்கும் எண், அது கூடக் கூடப் பொருள் மங்கல், அதை ஏபி, வேகா என்ற இரு அளவைகளில் எழுதுவர். ஏபி அளவையில் அந்த நிறம் −0.1-ஐவிடக் கூடுதலாக இருக்கும் பேரடைகளை மட்டும் எடுத்தால், அருகிலுள்ளவற்றில் பெரும்பாலானவை உதிர்ந்துவிடும்.

முதல் படி: புலத்தைத் தேர்ந்தெடுத்தல்

ஆழமும் பரப்பும் ஒன்றுக்கொன்று விலை கொடுப்பவை. டிஎக்ஸ்எஸ் 35 சதுரப் பாகைகளை வேகா அளவையில் கே பட்டைப் (2.2 மைக்ரான்) பொலிவெண் 21-ஐ ஒட்டிய ஆழம் வரை பார்க்கத் திட்டமிடப்பட்டது. அதன் உடன்பிறப்பான யூடிஎஸ் 0.77 சதுரப் பாகையை மட்டும் எடுத்துக்கொண்டு, ஆண்டுக்கணக்கில் அதே இடத்தைத் திரும்பத் திரும்பப் படம்பிடித்தது. அந்த 0.77 என்ற விந்தையான எண்ணுக்குக் காரணம் கேமரா. அதிலுள்ள நான்கு உணரிகளும் ஏறத்தாழ ஓர் உணரியின் அகலமளவு இடைவெளி விட்டுப் பதிக்கப்பட்டிருப்பதால், நான்கு முறை நகர்த்தி எடுத்தால்தான் இடைவெளிகள் நிரம்பி ஒரு முழுச் சதுரம் கிடைக்கும். அந்தச் சதுரத்தின் பரப்பே 0.77. தென்வானில் 4.1 மீட்டர் விஸ்டா தொலைநோக்கி எடுத்த வீடியோ என்ற கணக்கெடுப்பு 12 சதுரப் பாகை கொண்டது. 2023 ஜூலை 1-இல் ஏவப்பட்ட யூக்ளிட் விண்கலம் 2025 மார்ச் 19-இல் தன் முதல் விரைவு வெளியீடாக 63 சதுரப் பாகைக்கான தரவுகளைத் தந்தது.

பெரிய கொத்துகள் அரியவை, ஆகவே அவற்றைப் பிடிக்கப் பரப்பு வேண்டும், செம்பெயர்ச்சி 1.5-க்கு அப்பால் சிறு கொத்துகளைப் பிடிக்க ஆழம் வேண்டும். புதியவர்களுக்கு என் பரிந்துரை, ஆழத்தையும் பரப்பையும் பார்க்குமுன், அந்தப் புலத்தில் மற்ற அலைநீளங்களில் என்ன தரவு இருக்கிறது என்று பார்ப்பதுதான். கண்ணுறு ஒளி, ஸ்பிட்சர், எக்ஸ் கதிர், ஏற்கெனவே எடுக்கப்பட்ட நிறமாலைகள் ஆகிய நான்கும் உள்ள ஒரு சதுரப் பாகை, அகச்சிவப்பு மட்டும் உள்ள பத்துச் சதுரப் பாகையைவிட மேலானது.

இரண்டாம் படி: பட்டியலை எடுத்துத் தூய்மை செய்தல்

யூகிட்ஸ் தரவுகள் எடின்பரோவிலுள்ள காப்பகத்தில் வினவல் மொழியில் கேட்டுப் பெறும்படி வைக்கப்பட்டுள்ளன. பட்டியலை டாப்கேட் என்ற இலவச மென்பொருளில் திறக்கலாம்; படங்களை அலாடினில் பார்க்கலாம். கிடைத்ததும் வரைபடம் போட வேண்டும் என்று கை பரபரக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பொலிவெண் எந்த அளவையில் இருக்கிறது என்று பாருங்கள். யூகிட்ஸ் பட்டியல்கள் வேகா அளவையில் உள்ளவை. பிற பட்டியல்கள் பல ஏபி அளவையில் உள்ளவை. இரண்டுக்கும் இடைப்பட்ட வேறுபாடு ஜே (1.25 மைக்ரான்) பட்டையில் 0.94, எச் (1.6 மைக்ரான்) பட்டையில் 1.38, கே பட்டையில் 1.90. நான் முதன்முதலில் வரைந்த அடர்த்தி வரைபடத்தில் தொலைதூரக் கொத்து ஒன்றுகூட இல்லை. வானமே வெறிச்சோடிக் கிடந்தது. கே பொலிவெண் வேகாவிலும் 3.6 மைக்ரான் பொலிவெண் ஏபியிலும் இருந்ததைக் கவனிக்காமல் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்திருந்தேன். எல்லாப் பேரடைகளும் ஏறத்தாழ 2 பொலிவெண் அளவுக்கு நீலப் பக்கம் நகர்ந்து, என் வரம்புக்கு வெளியே போய்விட்டிருந்தன. அதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் பிடித்தது.

அடுத்து விண்மீன்களை நீக்குங்கள். வடிவத்தை மட்டும் நம்பாமல் நிறத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வேகா அளவையில் பெரும்பாலான விண்மீன்களின் ஜே−கே நிறம் 1-க்குக் கீழே அடங்கிவிடும், தொலைதூரப் பேரடைகள் அதற்கு மேலேதான் இருக்கும். பிறகு போலிகள். யூகேர்ட் கேமராவில் ஒளிமிக்க விண்மீன் ஒன்று விழுந்தால், அதிலிருந்து 128 படப்புள்ளி தள்ளியும், அதன் மடங்குகளிலும் வரிசையாகப் பொய்ப் புள்ளிகள் தோன்றும். ஒரு புள்ளிக்கு 0.4 வில்விநாடி (ஒரு பாகையில் 3600 வில்விநாடி), ஆகவே இடைவெளி 51.2 வில்விநாடி. வேறு எந்த அலைநீளத்திலும் தென்படாத சில பொருள்கள் நேர்க்கோட்டில் நிற்கக் கண்டால், அலாடினில் அளவுகோலை எடுத்து வைத்துப் பாருங்கள். கோட்டின் முனையில் ஒரு பிரகாசமான விண்மீன் உட்கார்ந்திருக்கும். அத்தகைய விண்மீன்களைச் சுற்றிய ஒளிவட்டங்களையும் மூடி, எவ்வளவு பரப்பை மூடினீர்கள் என்பதைக் குறித்துவையுங்கள். பின்னால் அடர்த்தி கணக்கிடும்போது அந்தப் பரப்பைக் கழிக்க வேண்டியிருக்கும்.

மூன்றாம் படி: நிறத்தால் நெரிசலைத் தேடுதல்

ஒரே கொத்தைச் சேர்ந்த முதிய பேரடைகள் அனைத்துக்கும் ஏறத்தாழ ஒரே நிறம் இருக்கும். நிறத்தை நெடுக்கிலும் பொலிவெண்ணைக் கிடையிலும் வைத்து வரைந்தால் அவை ஒரு மெல்லிய கோடாக விழும். அதைச் செவ்வரிசை என்பர். 4000 முறிவுக்கு இருபுறமும் அமையும் இரு பட்டைகளைத் தேர்ந்தெடுப்பதே சூட்சுமம். முன்சொன்ன இலைஸ்-என்1 குழு ஐ−கே, ஜே−கே, கே−3.6 என (ஐ என்பது கண்ணுறு ஒளியின் சிவப்பு ஓரப் பட்டை) மூன்று நிறங்களைச் சேர்த்துப் பயன்படுத்தியது. ஒரு நிறத்தில் தப்பி நுழையும் அந்நியர் மற்றொன்றில் பிடிபடுவர். தூசியால் சிவந்த இளம் பேரடைகளே இங்கே பெரிய தொல்லை. முதுமைச் சிவப்பும் தூசிச் சிவப்பும் ஒரே நிறத்தில் பிரித்தறிய முடியாதவை.

தேர்ந்த பேரடைகளின் இருப்பிடங்களைப் புள்ளிகளாக வைத்து, அவற்றை மென்மையாக்கி அடர்த்தி வரைபடம் செய்யுங்கள். செம்பெயர்ச்சி 1-க்கும் 2-க்கும் இடையே ஒரு வில்நிமிடம் (பாகையில் 60-இல் ஒரு பங்கு) என்பது எப்போதும் அரை மெகாபார்செக்கை ஒட்டியே இருப்பதால், அரை முதல் ஒரு வில்நிமிட அகலத்தில் மென்மையாக்குவது பொருந்தும். மேடுகள் எவ்வளவு அசாதாரணமானவை என்பதைச் சூத்திரத்தால் கணக்கிடாதீர்கள். பேரடைகள் தற்செயலாகத் தூவப்பட்டவை அல்ல. கொத்துக்கு வெளியேயும் அவை கூடியே வாழ்பவை, அதனால் தற்செயல் என்று வைத்துப் போடும் கணக்கு உங்கள் மேட்டை இருப்பதைவிட உயர்த்திக் காட்டும். அதே புலத்தில் ஆயிரம் இடங்களைக் குருட்டாம்போக்கில் எடுத்து, ஒவ்வொன்றிலும் எத்தனை பேரடைகள் விழுகின்றன என்று எண்ணி, அந்தப் பரவலோடு உங்கள் மேட்டை ஒப்பிடுவதே நேர்மையானது.

நான்காம் படி: நிறத்தாலான தொலைவை எவ்வளவு நம்பலாம்?

பல பட்டைகளின் பொலிவெண்களைச் சேர்த்து ஒவ்வொரு பேரடைக்கும் ஒரு தோராயச் செம்பெயர்ச்சியைக் கணக்கிடலாம். நல்ல தரவில் செம்பெயர்ச்சி 1 அருகே இதில் 0.1 அளவுக்குப் பிழை வருவது சாதாரணம். சிறிய எண்ணாகத் தோன்றும் இதை நீளமாக மாற்றிப் பாருங்கள்: அண்டத்தின் விரிவை நீக்கிய அளவையில் ஏறத்தாழ 240 மெகாபார்செக். கொத்தோ இரண்டு மூன்று மெகாபார்செக் அகலமே உடையது. கொத்தைவிட நூறு மடங்கு நீளமான ஒரு குழாய்க்குள் இருப்பவை எல்லாம் ‘ஒரே தொலைவில்’ உள்ளவையாகத் தெரியும் என்பதே இதன் பொருள்.

ஜேகேசிஎஸ் 041 என்ற கொத்தின் கதை இதற்குத் தக்க பாடம். யூகிட்ஸ் தரவில் செவ்வரிசையால் கண்டறியப்பட்ட அதன் செம்பெயர்ச்சி ஏறத்தாழ 1.9 என்று 2009-இல் அறிவிக்கப்பட்டது. அந்த இடத்தில் எக்ஸ் கதிரும் தென்பட்டது. அடுத்த ஆண்டே மற்றொரு குழு, இது அருகிலுள்ள வேறு வேறு கூட்டங்கள் ஒரே பார்வைக்கோட்டில் விழுந்த தோற்றமாக இருக்கலாம் என்று ஐயம் எழுப்பியது. கண்டறிந்தவர்களே ஒரு கட்டத்தில் செம்பெயர்ச்சியை 2.2 என்று உயர்த்தினர். 2014-இல் ஹபிள் தொலைநோக்கியின் அகச்சிவப்பு நிறமாலை 19 உறுப்பினர்களை அடையாளம் கண்டு, 1.80 என்று முடித்துவைத்தது. கொத்து உண்மை, தொலைவுதான் ஐந்தாண்டு அலைந்தது. நிறமாலை எடுத்த பிறகும் எண் மாறலாம் என்பதற்கு சிஎல் ஜே1449+0856 என்ற கொத்து எடுத்துக்காட்டு: 2011-இல் 2.07 என்று அறிவிக்கப்பட்டது, கூடுதல் நிறமாலைகளுக்குப் பின் 2013-இல் 2.00 ஆனது.

ஐந்தாம் படி: வெப்ப வாயுவின் சாட்சியம்

கொத்தின் வாயு எக்ஸ் கதிரில் ஒளிரும். எக்ஸ்எம்எம்-நியூட்டன், சந்திரா ஆகிய விண்கலங்களின் காப்பகங்களில் உங்கள் மேட்டின் இருப்பிடத்தைத் தேடுங்கள். பரந்த, மங்கிய ஒளி பேரடைகளின் நடுவில் அமைந்தால் வலுவான சான்று. கூர்மையான புள்ளியாக இருந்தால் அது பெரும்பாலும் ஏதோவொரு பேரடையின் நடுவிலுள்ள கருந்துளை. ஒன்றும் தெரியவில்லை என்றால் கொத்து இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பரப்புப் பொலிவு செம்பெயர்ச்சியோடு ஒன்றைக் கூட்டியதன் நான்காம் அடுக்கில் மங்குவதால், 1.62-இல் அது 47 மடங்கு குறைந்துபோயிருக்கும். தொலைவால் மங்காத மாற்று வழியாக, பெருவெடிப்பின் எச்சமான அண்டப் பின்னணிக் கதிரில் வாயு பதிக்கும் நிழலை மில்லிமீட்டர் அலைகளில் பார்க்கலாம். தென்துருவத் தொலைநோக்கி அவ்வாறு பல கொத்துகளைக் கண்டறிந்தது. ஆனால் அந்த முறைக்கு எடைமிக்க கொத்துகளே அகப்படும்.

நிறமும் எக்ஸ் கதிரும் ஒரே கொத்தில் கைகோத்ததற்கு யூடிஎஸ் புலத்தின் சிஎல்ஜி ஜே0218.3-0510 என்ற கொத்து நல்ல எடுத்துக்காட்டு. செம்பெயர்ச்சி 1.62 கொண்ட அதை 2010-இல் இரு குழுக்கள் தனித்தனியே அறிவித்தன. ஒன்று ஸ்பிட்சர் நிறத்தையும் மெகெல்லன் தொலைநோக்கியின் நிறமாலையையும் கொண்டு வந்து சேர்ந்தது, மற்றொன்று எக்ஸ் கதிரையும் சுபாரு தொலைநோக்கியின் அகச்சிவப்பு நிறமாலையையும் கொண்டு வந்து சேர்ந்தது.

ஆறாம் படி: நிறமாலை

இனிதான் உண்மையான வேலை. 8 மீட்டர் தொலைநோக்கியில் நேரம் கேட்கும் விண்ணப்பத்தை ஒரு குழுவோடு சேர்ந்துதான் எழுத முடியும். ஆனால் ஏற்கெனவே எடுக்கப்பட்டுக் காப்பகத்தில் கிடக்கும் நிறமாலைகளைத் தேடுவது உங்கள் கையில்தான் இருக்கிறது, அதை முதலில் செய்யுங்கள்.

ஜெமினியின் ஜிமாஸ் கருவியின் பார்வைப் புலம் 5.5 வில்நிமிடம், 0.89-இல் அது ஏறத்தாழ 2.6 மெகாபார்செக், ஒரு கொத்துக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல. மெல்லிய மாஸ்க் தகட்டில் பேரடைக்கு ஒரு பிளவாக வெட்டி, ஒரே நேரத்தில் பல நிறமாலைகளை எடுக்கலாம். பிளவுகள் ஒன்றையொன்று மறைக்கக் கூடாது என்பதால் நடுவே நெருங்கி நிற்கும் பேரடைகள் எல்லாவற்றுக்கும் ஒரே மாஸ்க்கில் இடம் கிடைக்காது. கொத்தின் மையம்தான் உங்களுக்கு வேண்டியது, அதுவே கை நழுவும். மையத்துக்கு முன்னுரிமை கொடுத்து இரண்டு மாஸ்க்குகளாகத் திட்டமிடுங்கள். மிஞ்சும் இடங்களில் சிவப்பல்லாத பேரடைகளையும் நிரப்புங்கள். சிவந்தவற்றை மட்டும் பார்த்துவிட்டு ‘கொத்தில் எல்லாம் சிவப்பே’ என்று எழுதியவர்கள் உண்டு.

எந்தக் கோட்டைத் தேடுகிறீர்கள் என்பதை முன்கூட்டியே கணக்கிட்டுவையுங்கள். 0.89-இல் கால்சியத்தின் கே, எச் கோடுகள் 7435, 7500 ஆங்ஸ்ட்ராமிலும், அயனியான ஆக்சிஜனின் 3727 கோடு 7044-இலும் விழும், வசதியான இடங்கள். செம்பெயர்ச்சி 0.93 என்றால் கால்சியத்தின் கே கோடு 7593-க்குப் போய், நம் வளிமண்டல ஆக்சிஜன் ஒளியை விழுங்கும் பட்டையில் மாட்டிக்கொள்ளும். 1.62-இல் ஆக்சிஜன் கோடு 9765-க்குச் சென்றுவிடும். அங்கே மேல் வளிமண்டலத்து ஹைட்ராக்சில் மூலக்கூறுகளின் ஒளிக்கோடுகள் காடாக நிற்கும். ஹபிளின் நிறமாலைக்கு ஜேகேசிஎஸ் 041 கட்டுப்பட்டது இதனால்தான்: வளிமண்டலத்துக்கு மேலே அந்தக் காடு இல்லை.

முதல் நிறமாலைப் படம் திரையில் வரும்போது ஏமாற்றமாக இருக்கும். மேலிருந்து கீழாக வெளிறிய தூண்கள் வரிசை கட்டி நிற்கும். அவை வானத்தின் கோடுகள், கழித்த பிறகும் எஞ்சிய தழும்புகள். அவற்றுக்குக் குறுக்கே இடமிருந்து வலமாக, இருக்கிறதா இல்லையா என்று தோன்றும் ஒரு மங்கிய இழை ஓடும். அதுதான் 700 கோடி ஆண்டுப் பழைய பேரடை. இடப்பக்கம் இழை தேய்ந்து, ஓரிடத்தில் சட்டென்று தடிக்கும். அது 4000 முறிவு. அதற்குச் சற்று இடப்புறம் அருகருகே இரண்டு பள்ளங்கள் இருந்தால் கால்சியம். கண்ணைச் சுருக்கிக்கொண்டு, திரையை விட்டுச் சற்றுப் பின்னால் நகர்ந்து பார்த்தால் நன்றாகத் தெரியும்; இதை எந்தக் கையேட்டிலும் நான் படித்ததில்லை, ஆனால் செய்யாதவர்களைப் பார்த்ததும் இல்லை.

ஒற்றைக் கோட்டை நம்பாதீர்கள். 7044-இல் ஒரே ஓர் ஒளிக்கோடு இருந்தால், அது 0.89-இல் உள்ள ஆக்சிஜனின் 3727 கோடாக இருக்கலாம்; 0.41-இல் உள்ள ஆக்சிஜனின் 5007 கோடாகவும் இருக்கலாம், 0.07-இல் உள்ள ஹைட்ரஜன் ஆல்ஃபாவாகவும் இருக்கலாம். 3727 உண்மையில் இரட்டைக் கோடு, 0.89-இல் அவற்றின் இடைவெளி 5.3 ஆங்ஸ்ட்ராம். கருவி அதைப் பிரித்துக் காட்டினால் வழக்கு முடிந்தது. இல்லையேல் இரண்டாவது அடையாளம் வேண்டும். இரண்டும் அதற்கு மேலும் அடையாளம் உள்ளவை ‘உறுதி’, ஒன்று மட்டும் உள்ளவை ‘வாய்ப்பு’ என்று தரம் பிரித்து எழுதுங்கள். எதிர்பார்க்கும் செம்பெயர்ச்சி என்ன என்று சொல்லாமல் இன்னொருவரிடமும் அதே நிறமாலைகளைக் கொடுத்துத் தரம் பிரிக்கச் சொல்லுங்கள். தேடும் எண் தெரிந்த கண், இரைச்சலிலும் அதையே காணும்.

ஏழாம் படி: எத்தனை பேர் போதும்?

பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே செல்லாது. பூட்டிஸ் புலத்தில் ஸ்பிட்சர் தரவைக் கொண்டு 2008-இல் 335 கொத்து வேட்பாளர்களை வெளியிட்ட குழு, அவற்றில் 106 செம்பெயர்ச்சி 1-க்கு அப்பாற்பட்டவை என்றது. உறுதிப்படுத்த அது வைத்த அளவுகோல், 2 மெகாபார்செக் ஆரத்துக்குள், கொத்தை நிலையாகக் கொண்டு கணக்கிட்டால் வினாடிக்கு 2000 கிலோமீட்டருக்கு மேல் விலகாத ஐந்து உறுப்பினர்களாவது வேண்டும் என்பது. இன்றும் பலர் இதையே ஒட்டி நடக்கிறார்கள். என் பார்வையில் இது ‘இங்கே ஒரு கூட்டம் உண்டு’ என்று சொல்லப் போதும். ‘இது ஈர்ப்பில் கட்டுண்ட கொத்து’ என்று சொல்லப் போதாது. இன்னும் சேர்ந்து முடியாமல், கொத்துகளை இணைக்கும் பேரடை இழை ஒன்றின் நீளவாட்டில் வரிசையாக நிற்கும் பேரடைகளும் இந்தச் சோதனையில் தேறிவிடும்.

வேகத்தைக் கணக்கிடும்போது புதியவர்கள் தவறாமல் ஒரு பிழை செய்வர். இரு பேரடைகளின் செம்பெயர்ச்சி வேறுபாட்டை ஒளியின் வேகத்தால் பெருக்கியதோடு நிறுத்திவிடுவர். அதைச் சராசரிச் செம்பெயர்ச்சியோடு ஒன்றைக் கூட்டி வருவதால் வகுக்கவும் வேண்டும். 0.89-இல் 0.005 வேறுபாடு என்பது வினாடிக்கு 1500 கிலோமீட்டர் அன்று, ஏறத்தாழ 790. வகுக்க மறந்தால், உறுப்பினர்களின் வேகங்கள் எவ்வளவு பரந்திருக்கின்றன என்று காட்டும் வேகச் சிதறல் இரு மடங்குக்கு அருகில் போய்விடும். எடை அதன் மூன்றாம் அடுக்கில் கூடும் என்பதால், எளிய ஒரு கூட்டத்தை ஏழு மடங்கு எடையுள்ள அரக்கனாக்கி அறிவித்துவிடுவீர்கள்.

சரியாகக் கணக்கிட்டாலும் பத்து உறுப்பினர்களிலிருந்து கிடைக்கும் வேகச் சிதறலில் கால் பங்கு வரை பிழை இருக்கும், எடையில் அது எழுபது விழுக்காட்டைத் தொடும். ஆகவே உறுப்பினர் இருபதுக்குக் குறைவாக இருக்கும்வரை எடையை ஓர் எண்ணாக எழுதாமல் வீச்சாக எழுதுங்கள். எக்ஸ் கதிரிலிருந்து கிடைக்கும் எடையைப் பக்கத்தில் வையுங்கள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் எதையும் மறைக்க வேண்டாம். இரு கொத்துகள் மோதும் முன் ஒன்றையொன்று நெருங்கிக்கொண்டிருந்தால் வேகங்கள் பெருகித் தெரியும், வாயு அமைதியாக இருக்கலாம். அந்த முரண்பாடே கண்டுபிடிப்பாக அமையலாம்.

எட்டாம் படி: எழுதிவைத்தல்

கடைசியாக அட்டவணை. ஒவ்வொரு பேரடைக்கும் இருப்பிடம், பொலிவெண், செம்பெயர்ச்சி, எந்தக் கோடுகளால் கண்டீர்கள், என்ன தரம் என்று நிரல்கள் போடுங்கள். உறுப்பினர் அல்லாதவர்களையும், பிளவு வைத்தும் செம்பெயர்ச்சி தேறாதவர்களையும் அதே அட்டவணையில் சேருங்கள். ஐந்து மேடுகளைப் பின்தொடர்ந்து அவற்றில் எத்தனை தேறின என்பதைச் சொன்னால்தான், உங்கள் நிறத் தேர்வு எவ்வளவு நம்பகமானது என்று அடுத்தவர் கணக்கிட முடியும். இலைஸ்-என்1-இல் ஐந்தும் ஒரே செம்பெயர்ச்சியில் நின்றதைப் போன்ற ஒன்று, ஒவ்வொரு மேட்டையும் தனித்தனிக் கோப்பில் முடித்துவைக்காமல் எல்லாவற்றையும் ஒன்றாக அடுக்கிப் பார்த்தால்தான் தெரியவரும். உங்கள் அட்டவணை தயாரானதும் செம்பெயர்ச்சி நிரலை ஏறுவரிசையில் அடுக்கி, கொத்துக்கு வெளியே இருப்பவர்களிலும் ஒரே எண் திரும்பத் திரும்ப வருகிறதா என்று ஒருமுறை மேலிருந்து கீழாக விரலை ஓட்டிப் பாருங்கள்.